ஒன்றரை மணி மீட்டிங்

நான் மாநில அரசுகளை ஆராய்கிறவள். ஒரு மாநில அரசு ஒரு திட்டத்தை ஏன் தொடங்குகிறது, நிறுத்த வேண்டியதை ஏன் நிறுத்தாமல் விடுகிறது என்றெல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு யோசிப்பது என் வேலை. தில்லியில் இருப்பதில் ஒரு வசதி. அநேகமாக எல்லா மாநிலத்துக்கும் இங்கே பவன் என்று ஓர் அரசு இல்லம் உண்டு, பவன் இருந்தால் கேன்டீனும் உண்டு. அறையில் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் சொல்லும் அதிகாரி, கேன்டீனில் சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டால் அமைச்சரின் மச்சான் வரைக்கும் கொட்டிவிடுவார். கட்டுரைகளில் இதை 'முறைசாரா நேர்காணல்' என்று எழுதுவேன். என் கணவர் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மீல்ஸ் ஆராய்ச்சி'.

புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது ஒரு மாநிலத்தின் சோயா உருண்டைத் திட்டம் பற்றியது. எந்த மாநிலம் என்று சொல்ல மாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் ஓர் உருண்டை. மாவட்டங்களிலிருந்து வந்த அறிக்கைகள் அத்தனையும் "குழந்தைகள் விரும்பி உண்கிறார்கள்" என்றன. நேரில் போய்ப் பார்த்தேன். விரும்பி உண்டவை பள்ளிச் சுவருக்கு வெளியே நின்ற ஆடுகள். அப்படிக் கொழுத்த ஆடுகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு ஏன் திட்டம் வருடாவருடம் நீள்கிறது? அதைக் கவனித்துவந்த அதிகாரி இப்போது தில்லி பவனில் இருந்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் அத்தியாயம் இல்லை. அத்தியாயம் இல்லாவிட்டால் புத்தகமே இல்லை என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

அந்த மனிதரோ கேன்டீன் பக்கமே வரவில்லை. இத்தனைக்கும் மாநில உணவின் பெருமை பற்றி அவர் சொன்ன நாலு வரியை அங்கே வாசலிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஒன்றரை மணியானால் அவர் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். "சாப் மீட்டிங் மே ஹைன், மேடம்" என்பார் பியூன். தினமும் சரியாக ஒன்றரைக்கு மீட்டிங் போடும் அரசாங்கம் ஒன்று இருந்தால், நான் அதைப் பற்றியல்லவா புத்தகம் எழுதியிருப்பேன்!

ஒருநாள் கோபம் தலைக்கேறி, கதவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கதவிடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. நல்லெண்ணெய், பெருங்காயம், வறுத்த வற்றல். கடுகெண்ணெய் மணக்கும் அந்தக் கட்டிடத்தில் இதற்கு என்ன வேலை? பியூன் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். மேஜை மேல் டிபன் கேரியர், அப்பளத்தை வாயில் வைத்தபடி அதிகாரி.

"சார், அது சுண்டவத்தலா, மணத்தக்காளியா?" என்று தமிழில் கேட்டேன்.

அப்பளம் நொறுங்கி விழுந்தது.

"தமிழா நீங்க? மொதல்ல கதவச் சாத்துங்கம்மா!" என்று பதறினார்.

திருநெல்வேலிக்காரர். ஐ.ஏ.எஸ். தேறியதும் அந்த மாநிலத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் அங்கே குப்பை கொட்டியும் கடுகெண்ணெய் மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லையாம்.

"யார்ட்டயும் சொல்லிராதீய. போன புதுசுல ஒரு தடவ பிரமாதம்னு சொல்லித் தொலச்சிட்டேன். அன்னையிலருந்து எங்க போனாலும் எனக்கு ரெண்டு கரண்டி கூட. இப்பம் போயி மாத்திச் சொல்ல முடியுமா?"

"சரி சார், அந்தச் சோயா உருண்டை?"

"அதும் இதே கததான். மொதல்ல தின்னது மினிஸ்டரு. மூஞ்சி அஷ்டகோணலாப் போச்சு. ஆனா திட்டத்தக் கொண்டுவந்த செக்ரட்டரி பக்கத்துலயே நிக்காரு. மனசு கேக்கல, பிரமாதம்னுட்டாரு. மினிஸ்டரே சொல்லிட்டாரேன்னு கலெக்டரும் பிரமாதம்னாரு. பொறவு வாத்தியாரு. நெசமாவே பிடிச்சது ஆட்டுக்கு மட்டுந்தான்."

எனக்கு அங்கேயே எழுந்து ஆடலாம் போலிருந்தது. பெயரும் மாநிலமும் வராது என்று வாக்குக் கொடுத்தேன். மிச்சமிருந்த வத்தக்குழம்பையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாயங்காலம் துவாரகா மெட்ரோ வாசலில் கணவரைப் பிடித்தேன். விமான நிலையத்து வேலை முடிந்து, தோளில் டிபன் பையோடு வந்துகொண்டிருந்தார். நடந்துகொண்டே முழுக்கதையையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இத்தன பேர்ல ஒருத்தருக்குக்கூட உண்மையச் சொல்லத் தைரியம் இல்ல பாருங்க!" என்றேன்.

"பாவம், அவங்க நிலைமை அப்படி" என்றார். அவருடைய குரலில் பரிவு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து மதியத்துக்கு நான் ஓட்ஸ் உப்புமாதான் கட்டிக்கொடுக்கிறேன். என் சொந்தக் கண்டுபிடிப்பு, வெந்தயமெல்லாம் போட்டது. அன்றிருந்த உற்சாகத்தில், "இன்னிக்கு உப்புமா எப்படி?" என்று கேட்டேன்.

"பிரமாதம்" என்றார்.

எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கேட் வந்தது. காவலாளி கூண்டருகே படுத்திருந்த பழுப்பு நாய் அவரைக் கண்டதும் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தது. என்னைச் சட்டையே செய்யாமல் நேரே அவருடைய டிபன் பைக்குள் மூக்கை நுழைத்தது. "ஹட், ஹட், இன்னிக்கு இல்ல" என்று அவர் அதை விரட்டினார். இவர் பிராணிகளிடம் பிரியமானவர் என்று இத்தனை நாளாக ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

நாயை மேலும் கீழும் பார்த்தேன். நன்றாகக் கொழுத்திருந்தது.