விரத வீட்டுக்குக் கொண்டுபோன கருவாடு

பத்து வயதில் நான் ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. அப்படிப்பட்ட என்னிடம், அப்பாவின் தங்கையான மாமி, "இந்த முறை ஆண்டவரைப் பற்றி நீதான் சொல்லப்போறாய்" என்றார். பெருமையில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

முல்லைத்தீவுக் கரையிலிருந்து புளியங்குளம் பக்கம் வந்து காடு வெட்டிக் காணி திருத்திய கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பக்கத்துக் காணியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் இருந்தது. மாமி இரண்டு தரம் அங்கே ஆண்டவரைப் பற்றிச் சொல்லப்போய் வேலிப் படலை வாசலோடு திரும்பிவிட்டார். "எங்களுக்கு முருகன் இருக்காருங்க, போயிட்டு வாங்க" என்று அந்த வீட்டு ஐயா கும்பிட்டே அனுப்பிவிடுவார்.

மாமி விடுகிற ஆள் இல்லை. வெறுங்கையோடு போனதுதான் பிழை என்று கண்டுபிடித்தார். எங்கள் கரையில் யார் வீட்டுக்குப் போனாலும் மீனோ கருவாடோ கொண்டுபோவது வழக்கம். அப்பா கொண்டுவந்திருந்த அறக்குளாக் கருவாட்டில் நடுத்துண்டுகளாகப் பார்த்து எடுத்துச் சுற்றி என் கையில் தந்தார். காணாமற்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையை நான் மூன்று நாளாகக் கோழிகளுக்குச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன்.

அந்த வீட்டு முற்றம் சாணம் தெளித்துச் சுத்தமாக இருந்தது. கற்பூரம் மணந்தது. எல்லோரும் தலைக்குத் தோய்ந்து விபூதி பூசியிருந்தார்கள். நான் படலையில் நின்றே பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பார்சலை நீட்டினேன். போதாததற்குப் பிரித்தும் காட்டினேன்.

ஐயா இரண்டடி பின்னால் பாய்ந்தார். "ஐயோ, கந்தசஷ்டி விரதத்துல கருவாடா! சாமியச் சொல்ல வந்தீங்களா, சமையல் சொல்ல வந்தீங்களா?"

பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாமி பார்சலைப் பறித்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "குறை நினையாதேங்கோ, எங்களுக்குத் தெரியாது. வா பெட்டை, போவம்."

என் கதை என்னாவது? மாமி பிடித்த கையை உதறிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, தொண்டை கிழியத் தொடங்கினேன். நூறு ஆடுகள், காணாமற்போன ஒன்று, காடு மேடெல்லாம் தேடிப்போன மேய்ப்பன். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கண்ணைத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. ஐந்து நாளாகப் பாலும் பழமும் மட்டுமே சாப்பிட்டிருந்த ஐயாவின் மனைவி மெல்ல நடந்து படலைக்கு வந்தார்.

"ஆடு உசுரோட கெடைச்சிச்சா, பாப்பா?"

"ஓம்."

"நெசமாவா?"

"ஓம், கட்டாயம் கிடைக்கும். ஆண்டவர் தேடினா விடமாட்டார்."

அவர் ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்தார்.

திரும்பும்போது மாமி நடக்கவில்லை, ஓடினார். "அவ கேட்டா எல்லோ! கேள்வியும் கேட்டா எல்லோ!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லோரும் எங்கள் கோயிலுக்குப் பூசை காண வந்துவிடுவார்கள் என்று இருவரும் முடிவே செய்துவிட்டோம்.

அவர்கள் வரவில்லை. முருகனிடமே போனார்கள். ஆனால் அந்த அம்மா அடிக்கடி என்னை வேலியடிக்குக் கூப்பிட்டு அதே கதையைச் சொல்லச் சொன்னார். நான் சொல்கிற அழகுக்காகத்தான் கேட்கிறார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒவ்வொரு தரமும் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து ஓடிவந்த வழியில் அவர்களுடைய மூத்த மகன் கூட்டத்தில் கைதவறிப் போனான் என்பதையும், பிறகு அகப்படவே இல்லை என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் என் அம்மா சொன்னார். எவ்வளவு பெரிய வாக்கை அந்த வேலிக்கு மேலால் அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.