வனஜா டீச்சர் பெயரில் ஒரு மொய்

வனஜா டீச்சர் போய்விட்டார் என்று தலைமையாசிரியர் போனில் சொன்னபோது நான் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் எழவில்லையாம். மாரடைப்பு. சிவப்புப் பேனாவைக்கூட மூடாமல் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அழுகை. ஆனால் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், அவரை நினைத்து ரொம்ப நேரம் அழ முடியாது. நடுவில் சிரிப்பு வந்துவிடும்.

அறந்தாங்கியில் எங்கள் பள்ளியில் அவர் தையல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். ஆன்லைனில் பங்கு வாங்கும் யோசனை கணக்கு டீச்சருக்குத்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அவருக்கு. ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"டீச்சர், போன்லயே ஷேர் வாங்குறாங்களாமே. நாமளும் வாங்கிப் பாப்பமா?"

"திடீர்னு என்ன ஆசை?" என்றேன்.

"வீடு அவுக பேர்ல இருக்கு. மனை அவுக பேர்ல இருக்கு. மொய் வைக்கப் போனாக்கூட அவுக பேரத்தான் எழுதுறாங்க. என் சம்பளத்துல என் பேர்ல ஒண்ணு இருக்கட்டுமே."

'அவுக' என்றால் குவைத்தில் வேலை பார்த்த அவர் கணவர் முருகேசன் அண்ணன். நல்ல மனிதர். ஆனால் ஊரில் ஒரு மனை விற்பனைக்கு வந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

கணக்குத் தொடங்க உட்கார்ந்தோம். பான் எண் போட்டாயிற்று. ஆதார் எண்ணைப் போட்டுவிட்டு ஓ.டி.பி.க்குக் காத்திருந்தோம். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குவைத்திலிருந்து அண்ணன் பதறிப்போய் அழைத்தார். "வனஜா, எனக்கு என்னமோ நம்பர் வருது. எவனோ ஏமாத்தப் பாக்குறான், ஜாக்கிரதையா இரு!" ஆதாரில் பதிவாகியிருந்தது அவருடைய எண். வனஜா டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, நான்தான் வனஜாவான்னு தெரிஞ்சுக்க கவர்மெண்டு குவைத்துக்குப் போன் போடுது!" மறுவாரமே ஆதார் மையத்துக்குப் போய்த் தன் போன் எண்ணைப் பதிந்து, கணக்கையும் தொடங்கிவிட்டார்.

முதலில் எந்தப் பங்கை வாங்குவது? ஆசிரியர் அறையில் வாட்ஸ்அப் பார்த்து ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். "தெரியாத வீட்டுக்கு மொய் வைப்பமா?" என்று கேட்டுவிட்டு, வனஜா டீச்சர் தன் வீட்டுக் குக்கரைச் செய்யும் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தார். கடன் இருக்கிறதா, லாபம் வருகிறதா என்று நான் பார்த்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முந்தி ஆர்டர் போட்டார், ஒரே ஒரு பங்கு. பிறகு சம்பளம் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டு சேர்த்தார்.

நம் பக்கத்து மொய் விருந்து முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவோம். வாங்கியவர், வைத்தவர் வீட்டு விருந்தில் கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வனஜா டீச்சர் பங்குச் சந்தையையும் இந்த முறைக்குள் இழுத்துவந்துவிட்டார். அந்தக் கம்பெனி லாபத்தில் ஒரு பகுதியை முதல் முறை டிவிடெண்டாகப் போட்டதும், கையிலிருந்து காசு சேர்த்து அதே கம்பெனியில் இன்னொரு பங்கு வாங்கினார். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் டீச்சர். அவுங்க நமக்குச் செஞ்சிருக்காங்க. நாம திருப்பிச் செய்யாட்டி மரியாதையா?"

பிறகு சந்தை விழுந்தது. நான் ஒவ்வொரு இடைவேளையிலும் போனைத் திறந்து பார்த்துச் சோர்ந்துபோவேன். "ஒங்க மொகத்தப் பாத்தாலே மார்க்கெட்டு தெரியுது" என்பார். அண்ணனும் விடவில்லை. இருப்பதையாவது விற்று, புதிதாகப் பார்த்த மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று தினமும் போன். டீச்சர் மனம் கரைந்துவிடுவாரோ என்று எனக்கே பயம். அவர் பெயரில் இருந்தது அது ஒன்றுதான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார்: "நொடிச்சுப்போன வீட்டு வாசல்ல நின்னு மொய்யத் திருப்பிக் கேப்பாகளா? நல்லாகட்டும், செய்வாங்க." குக்கர் கம்பெனி தேறியது. பின்னால் வாங்கிய ஒரு நூல் மில் கடைசிவரை தேறவில்லை. அதற்கும் அவர் வருத்தப்பட்டதாக நினைவில்லை.

அவர் போனபின் அண்ணன் குவைத்தை விட்டு வந்துவிட்டார். நாமினி அவர்தான் என்பதால் பங்குகள் அவர் கணக்குக்கு மாறின. எப்படியும் விற்றுவிடுவார் என்று நினைத்தேன். போன வாரம் பள்ளி வாசலில் போனும் கையுமாக நின்றார்.

"டீச்சர், குக்கர் கம்பெனிக்காரன் பணம் போட்டிருக்கான். திருப்பிச் செய்யணும்ல? அவ பேர்ல ஒண்ணு வாங்க முடியுமா?"

இனிமேல் முடியாது அண்ணே என்றேன். போனை என்னிடம் நீட்டினார்.

"சரி, என் பேர்லயே போடுங்க. இம்புட்டு வருசமா அவ மொய்யத்தான் என் பேர்ல எழுதுனாங்க. இது அவ மொய்யி. என் பேரு சும்மா இருந்துட்டுப் போகுது."

ஆர்டர் போட்டுக் கொடுத்தேன். இடைவேளையில் போனைத் திறக்காமல் சாப்பிட இப்போது என்னால் முடிகிறது. அது டீச்சர் கொடுத்தது. மறுநாள் நானும் அந்தக் குக்கர் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினேன். அந்தக் கம்பெனி எனக்கு எதுவும் செய்ததில்லை. வனஜா டீச்சர் செய்திருக்கிறார்.