குதிரைக்குப் போட்ட மாட்டு முடிச்சு

“மிராசுதார் வீட்டுப் பிள்ளைங்க ஏறுன குதிரையில நீ ஏறப் போறியா? விழுந்தா யாரு பார்க்கிறது?” என்றார் சித்தப்பா. அதே மிராசுதாரிடம் கூலி உயர்வு கேட்டு ஜெயிலுக்குப் போனவரே அப்படிக் கேட்டது சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அவர் சொன்னதையும் மீறி, தஞ்சாவூர் பக்கம் ஒரு குதிரைச் சவாரிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

முதல் நிலைத் தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கம் வரவில்லை. குதிரையைக் கட்டித் தேய்த்து, குளம்பைச் சுத்தம் செய்து, சேணம் பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். கட்டுவதை மட்டும் நான் பழகவில்லை. மாடு கட்டத் தெரிந்தவளுக்கு அது எதற்கு என்று நினைத்தேன்.

ஒரு காலை, ராணி என்ற குதிரையைக் கம்பத்தில் கட்டித் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் சாவு ஊர்வலத்தில் வெடி போட்டார்கள். ராணி மிரண்டு பின்னால் இழுத்தது. நான் போட்டிருந்தது அப்பா மாட்டுக்குப் போடும் முடிச்சு; அது இழுக்க இழுக்க இறுகியது. ராணி சறுக்கி விழுந்து கயிற்றில் தொங்கியது. என்னால் அவிழ்க்க முடியவில்லை. பயிற்சி தரும் அக்கா ஓடிவந்து புல்லறுக்கும் அரிவாளால் கயிற்றை அறுத்தார்.

“மாடு கொஞ்சம் இழுத்துட்டு நின்னுடும். இது கழுத்தை ஒடிச்சுக்கிட்டாவது ஓடப் பார்க்கும். இந்த முடிச்சோட உன்னைத் தேர்வுக்கு அனுப்ப மாட்டேன்” என்றார்.

நல்லவேளை, ராணிக்குத் தோல் மட்டும்தான் உரிந்தது. இப்போது அக்கா சொல்லிக்கொடுத்த முடிச்சுதான் போடுகிறேன்; குதிரை இழுத்தால் அவிழாது, தொங்கும் முனையை நாம் சுண்டினால் அவிழும். அதை ஒருமுறை சுண்டிப் பார்த்து, மறுபடி கட்டிய பிறகே பிரஷ்ஷை எடுப்பேன். தேர்விலும் அப்படியே செய்து தேறினேன்.

அடுத்த நிலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதில் தாழ்வான கட்டையைத் தாண்ட வேண்டும். நேற்று ராணியும் நானும் தாண்டினோம்.