டீச்சர் ஏறினால் எரியும் விளக்கு

பழைய கார் ஒன்றை வாங்கி, திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு பக்கத்துப் பள்ளிக்கு நானே ஓட்டிப் போகத் தொடங்கியிருந்த காலம். நானும் அங்கே டீச்சர். கணக்குப் பாடம் எடுத்த டீச்சரும் என்னோடு வருவார். என்னைவிட மூத்தவர், கணவரை இழந்தவர். ஏறியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். அதன்பின் பள்ளி வரும்வரை சாலையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

ஒரு நாள் காலை ஸ்டியரிங்குக்குப் பின்னால், இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி வழக்கம்போலத்தான் ஓடியது. புகை இல்லை, சத்தம் இல்லை. எதுவும் கெடாதபோது எதற்கு எரிகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மெக்கானிக் கையடக்க ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். திரையில் கோளாறைக் குறிக்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் வந்தன.

"ஆக்சிஜன் சென்சார்னு காட்டுது டீச்சர். புகைக்குழாயில இருக்கும். மாத்திட்டாச் சரியாப் போயிரும்."

மாற்றினார். விளக்கு அணைந்தது. மறுநாள் பள்ளிக்குப் போகையில் கரூர் ரோட்டில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் மறுபடியும் எரிந்தது. ஸ்கேனரில் அதே எண். மெக்கானிக்கே குழம்பிப்போனார். ஸ்கேனரிலேயே எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிட்டு, பழனி ரோட்டில் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணுமே வரலையே டீச்சர். நீங்க ஓட்டுனா மட்டும் எப்படி வருது?"

இதை நான் சொன்னபோது, விடையைக் கணக்கு டீச்சர்தான் சொன்னார். "உங்களுக்கில்ல டீச்சர். நான் ஏறுனாத்தான் எரியுது. நானும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். என் ராசி அப்படி."

"வண்டிக் கோளாறுக்கும் ராசிக்கும் என்ன இருக்கு?" என்றேன். அவர் மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனார்.

எனக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. அவர் சொன்னது பொய்யாகும்படி விளக்கு எரிந்து தொலையட்டும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்த வாரம் முழுக்க எரியவில்லை. நான் பாடம் நடத்துவது அறிவியல். ஆனாலும் காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்க்கும்போதெல்லாம், எதை நம்புவது என்று தெரியாமல் மனம் தடுமாறியது. ஓய்வறையில் அவர், "இப்ப எரியலைல்ல?" என்று கேட்டார். மறுக்க முடியாமல் தலையாட்டினேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய், மெக்கானிக்கிடம் வரும்படி கூப்பிட்டேன். "எதுக்கு டீச்சர், இன்னொருக்க எரியவா?" என்று தயங்கினார். "எரியணும்னுதான் கூப்புடுறேன்" என்றேன். அவர் செருப்பை மாட்டினார்.

மெக்கானிக் ஓட்டினார். டீச்சர் வழக்கமான இடத்தில், நான் பின்னால். எதிரே ஒரு டவுன் பஸ் லாரியை முந்திக்கொண்டு வந்தது. டீச்சர் இருக்கையில் பின்னால் சாய்ந்து, பிரேக்கை மிதிப்பதுபோல் வலது காலை முன்னால் உதைத்து அழுத்தினார். விளக்கு எரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் வண்டியை ஓரங்கட்டினார். "கால எங்க டீச்சர் வச்சிருக்கீங்க?"

டீச்சரின் பாதம் இருந்த இடத்தில், கால்விரிப்பை விலக்கிப் பார்த்தார். பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி. இஞ்சினின் மூளை அதுதானாம். அதில் செருகியிருந்த வயர்க்கொத்தைப் பிடித்துவைக்கும் பூட்டு உடைந்து, கொத்து லேசாகக் கழன்றிருந்தது. எண்ணை அழித்துவிட்டுக் கையால் அதை அசைத்தார். விளக்கு உடனே எரிந்தது.

"சென்சார்ல இருந்து வர்ற வயரு இது. நீங்க மிதிக்கிறப்ப விட்டுப்போகுது. அதான் சென்சார் கெட்டுப்போச்சுன்னு காட்டுது."

"நான் மிதிக்கிறேனா?" என்றார் டீச்சர். அப்படியொரு பழக்கம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் ஓட்டிய நானும் அதுவரை கவனித்ததில்லை.

மெக்கானிக் புதுப் பூட்டு போட்டு, பெட்டிக்கு முன்னால் ஒரு தகரத் தகட்டைத் திருகி முடுக்கினார். டீச்சர் இறங்கவில்லை. குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"திங்கக்கிழம எத்தன மணிக்கு டீச்சர் வருவீங்க?" என்று என்னிடம் கேட்டார்.