மக்குப் பெஞ்சு

தலவாக்கலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த வீரம்மா, வாயில்லாப் பூச்சி என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பெயர் வாங்கியவள். 1957இல் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெயரை அவளே கெடுத்துக்கொண்டாள். நல்ல வேலை செய்தாள்.

அவள் மகள் பூரணிக்குப் பன்னிரண்டு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஒரே வாத்தியார், அறுபது பிள்ளைகள். அவர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஒரு வரி சொல்வார். பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள். கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளை ஒரு பெஞ்சு பின்னால் போக வேண்டும். ஒன்பது வயதில் பெரிய காய்ச்சலில் கிடந்து எழும்பிய பூரணி, இரண்டே மாதத்தில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். அதற்கு மக்குப் பெஞ்சு என்று பெயர். மூன்று வருடம் அங்கேயே கிடந்தாள்.

"இதுக்குப் படிப்பு ஏறாது. திங்கக்கெழம பேர் பதிஞ்சிருங்க" என்று வாத்தியார் கங்காணியிடம் சொல்லிவிட்டார். தோட்ட வேலைக்குப் பேர் பதிந்தால் ஆயுசுக்கும் மலைதான்.

வீரம்மாவும் அதை நம்பினாள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படித்தால் லயமே எழும்பும், பூரணி மட்டும் தூங்குவாள். சோம்பேறிக் கழுதை என்று தாய் முதுகில் நாலு வைப்பாள்.

அந்த வாரம் மாரியம்மன் திருவிழா. தப்புக்காரர் பூரணியின் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தார். பிள்ளைகள் எல்லாம் துள்ளித் திரும்பினார்கள். பூரணி திரும்பவில்லை. மற்றவர்கள் பேசும்போது அவள் ஏன் அவர்கள் வாயையே வெறித்துப் பார்ப்பாள் என்பது அப்போதுதான் தாய்க்கு விளங்கியது.  அடித்த அடியெல்லாம் காது கேட்காத பிள்ளைக்கா?

வெள்ளிக்கிழமை மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும், கூடையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

"வாத்தியாரய்யா, எம்புள்ளைக்குக் காது கேக்கல. முன்னால ஒக்கார வச்சு, மூஞ்சியப் பாத்துச் சொல்லிக் குடுங்க."

"அறுபது புள்ளைங்க இருக்கு. ஒவ்வொண்ணு மூஞ்சியையும் பாத்துக்கிட்டிருந்தா நான் எப்பப் பாடம் நடத்துறது?"

"மூணு வருசமாப் பாக்காமத்தான நடத்துனீங்க? என்னத்தக் கிழிச்சீங்க?"

அவள் மகளின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"எட்டும் அஞ்சும் எத்தன?"

"பதிமூணு" என்றாள் பூரணி.

வாத்தியாரின் முகம் சுண்டிப்போனது. "சரி, முன்னால வரட்டும்."

வீரம்மா மகளைக் கைபிடித்து எழுப்பினாள். அப்போதுதான் அந்தப் பெஞ்சில் மிச்சமிருந்த ஆறு பிள்ளைகளும் கண்ணில் பட்டார்கள். ஒருத்தி கண்ணை இடுக்கிப் பலகையைப் பார்த்தாள். இன்னொருத்தன் பசி மயக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தான்.

"இதுங்களுக்கு என்னான்னு கேட்டீங்களா?"

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி அடுத்த வரியைச் சொன்னார். திங்கட்கிழமை பூரணி முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த ஆறு பேரில் நான்கு பேருக்குப் பேர் பதிந்தார்கள்.