காற்றைப் பிடிக்க நெய்வேலி போன கதை

ஊர் சுற்றப் போகிறவர்கள் கேமரா கொண்டுபோவார்கள். நான் காற்று உறிஞ்சும் பம்ப் கொண்டுபோகிறேன். வேலையிடத்துக் காற்றில் என்ன கலந்திருக்கிறது, அது உடம்புக்குள் போனால் என்ன ஆகும், குறைக்க என்ன வழி என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் எதிரில் இருக்கும் பெண்மணி பந்திக்கு எழுந்துவிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் பழகிவிட்டது.

போன ஆனி மாதம் நெய்வேலியிலிருந்து அழைப்பு. சுரங்கத்தில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டிக் கொடுக்கிற சின்ன கான்ட்ராக்ட் பட்டறை அது. அங்கே தனபால் என்ற தொழிலாளி பசை பூசும்போதே மயங்கி விழுந்துவிட்டார். சூப்பர்வைசர் சிகாமணி போனிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: “ஆளு வீக்குங்க மேடம். நீங்க ஒரு ரிப்போர்ட் குடுத்தா ஆள மாத்திடுவோம்.” ஆக, நான் எழுதப்போவதில் இருந்தது தனபாலின் வேலை.

கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்குப் பேருந்து. டிக்கெட் 215 ரூபாய். பக்கத்து இருக்கையில் பம்ப் பெட்டியை வைத்தேன். அது யாருடையது என்று கண்டக்டர் கேட்டார். கூட வருகிற ஒரே ஆள் அதுதான் என்றேன். சிரிக்காமல் லக்கேஜ் டிக்கெட் முப்பது ரூபாய்க்குக் கிழித்தார். பண்ருட்டியில் பலாப்பழக் கூடைகள் ஏறியதும் பேருந்தே இனித்தது. அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பதினொரு மணிக்கு டவுன்ஷிப்பில் இறங்கினேன்.

ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். சொந்தக்காரர்கள் எந்த பிளாக் என்றும் கேட்டார். இந்த ஊருக்கு வருகிறவர்கள் யாராவது ஒருவரின் குவார்ட்டர்ஸுக்குத்தான் வருவார்களாம். எனக்கு யாரும் இல்லை, லாட்ஜில் விடுங்கள் என்றேன். அதன்பிறகு கண்ணாடியில் இரண்டு முறை என்னைப் பார்த்தார். பரிதாபமா சந்தேகமா தெரியவில்லை. லாட்ஜ் அறை 1,100 ரூபாய், கட்டில் இரண்டு. ஒன்றில் நான், மற்றதில் பம்ப்.

பட்டறைக்குப் போனால், பெண் பார்க்க வரும் வீடு போல இருந்தது. தரை கழுவியிருக்கிறது, இரண்டு பக்க ஷட்டரும் திறந்திருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. ஆறு பேரும் மடிப்புக் கலையாத மாஸ்க் போட்டிருக்கிறார்கள். மேசையில் ஒரு தட்டு வெல்லம், வாழைப்பழம். வெல்லம் தின்றால் தூசியும் நெடியும் இறங்கிவிடும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. எனக்கும் ஒரு கட்டி கொடுத்தார்கள். தின்றேன். இனிப்பு இறங்கியது. நெடி அங்கேயேதான் இருந்தது.

தனபாலின் இடுப்பில் பம்பைக் கட்டி, அதன் குழாயைச் சட்டைக் காலரில் குத்தினேன். கம்மாபுரம் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். எவ்வளவு நேரம் நெடியில் இருப்பீர்கள், தலை வலிக்குமா என்று கேட்கக் கேட்க, தலையை ஆட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் அப்படியே. நான் போய் நின்ற இடத்தில் பேச்சு நின்றது, நகர்ந்ததும் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். என்னை சிகாமணியின் கண்ணாடி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். பார்சல் சாப்பாடு, தொண்ணூறு ரூபாய். என் சாம்பாரும் நானும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஷட்டரின் உள்பக்கமெல்லாம் காய்ந்த பசைத் துளிகள். எப்போதும் திறந்திருக்கும் ஷட்டரில் பசை எப்படித் தெறிக்கும்?

டீ நேரத்தில் பம்பைக் கழற்றினேன். தனபால் முதன்முறையாகப் பேசினார்.

“நாங்க பேசனதெல்லாம் இதுல ஏறிடுச்சுங்களா?”

அப்போதுதான் புரிந்தது. காலரில் குத்தியதை மைக் என்று நினைத்திருக்கிறார்கள். இதில் பேச்சு ஏறாது, காற்றில் இருக்கும் நெடிதான் ஏறும் என்றேன்.

“அப்ப இவ்ளோ நேரம் வாய மூடிக்கினு இருந்ததெல்லாம் வீணா?”

பக்கத்தில் இருந்தவர், “இத இவன் வூட்டுக்கு ஒண்ணு குடுங்க மேடம். பொண்டாட்டி ஒருநாளாவது நிம்மதியா இருக்கட்டும்” என்றார்.

சிரிப்பு அடங்கியதும் ஷட்டர் துளிகளைப் பற்றிக் கேட்டேன். தனபால் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்கு நீங்க புடிச்சது எங்க காத்து இல்லீங்க. மைன்ஸ் தூசி ஒரு துளி பசைல ஒக்காந்தாலும் ஜாயிண்ட் பிரிஞ்சிக்கும். பழி எங்க மேல வரும். அதான் ஷட்டர இறக்கி, ஃபேன நிறுத்திக்கினுதான் பூசுவோம். நீங்க இத எழுதிட்டுப் போனா காத்து நல்லாருக்கு, ஆளுதான் கெட்டுட்டான்னு ஆயிடும்.”

ஒரு நாள் உழைப்பு குப்பைக்குப் போனது. மறுநாள் காலைக்கு எடுத்திருந்த திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். சாயங்காலம் டவுன்ஷிப்பில் நடந்தேன். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரங்கள், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்கு கிலோமீட்டர் நடந்ததில் என்னோடு பேசியவர் ஒருவர்தான். ஓரமாகப் போகச் சொன்னார்.

மறுநாள், வழக்கம் போல வேலை செய்யாவிட்டால் ரிப்போர்ட்டே கிடையாது என்று சிகாமணியிடம் சொன்னேன். ஷட்டர் இறங்கியது, விசிறி நின்றது, பம்ப் மறுபடி இடுப்பில் ஏறியது. கால் மணி நேரத்தில் நெடி போய்விட்டது போல இருந்தது. போவது நெடியில்லை, மூக்குதான் களைத்துவிடுகிறது. சிகாமணி சொன்ன ஜோக்குக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மயக்கத்துக்கு அதைவிட நல்ல அறிகுறி வேண்டுமா? வெளியே ஓடினேன். பசையில் இருக்கும் டொலுவீன் என்ற கரைப்பானின் ஆவி கனமானது, தரையில் தேங்கும். இவர்கள் குந்தி உட்கார்ந்து அதற்குள்ளேயே மூச்சு விடுகிறார்கள். மாஸ்க்கோ தூசி மாஸ்க். ஆவி அதற்குள் தாராளமாக நுழையும்.

மத்தியானம் ஒரு சோதனை. காற்று வரும் பக்கத்து ஜன்னல்களில் வடிகட்டும் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டினோம். எதிர்ப்பக்க ஷட்டரைத் திறந்தோம். வாய் அகன்ற வாளிக்குப் பதில் மூடி போட்ட டின்னில் பசை. ஒட்டி முடித்த பெல்ட்டை சிகாமணி டார்ச் அடித்துத் தேடினார். தூசி கிடைக்கவில்லை என்று அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

ரிப்போர்ட்டில் எழுதியது இதுதான்: ஆபத்துக் குறைந்த பசை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். தரை மட்டத்தில் ஆவியை இழுத்து வெளியே தள்ளும், தீப்பொறி பறக்காத மோட்டார் வையுங்கள், இந்த ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். மாஸ்க் கடைசி, அதுவும் ஆவியைப் பிடிக்கும் கரி வடிகட்டி வைத்தது. மருத்துவர் சொல்லும்வரை தனபாலுக்கு அதே சம்பளத்தில் பெல்ட் வெட்டும் வேலை. மருத்துவப் பரிசோதனை அவருக்கு மட்டுமல்ல, ஷெட்டுக்குள் இருக்கும் எல்லோருக்கும்.

“எனக்கெதுக்குங்க மேடம்?” என்றார் சிகாமணி.

“நீங்களும் அதே காத்ததானே குடிக்கிறீங்க?”

அதன்பிறகு அவர் வாயிலிருந்து ‘வீக்’ என்ற சொல் வரவில்லை. ஆவி நுழைய வழி இருக்கிறதா என்று கண்ணாடி அறையின் கதவிடுக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஆனி, ஆடியில் காற்று அதிகம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பலாப்பழத்தைத் திரும்பும்போது பண்ருட்டியில் வாங்குங்கள். என் போன்ற ஆள் உங்கள் பட்டறைக்கு வந்தால் தயவுசெய்து கூட்டிப் பெருக்காதீர்கள். மயங்கி விழுந்தவரைப் பார்ப்பதற்கு முன் அவர் விழுந்த இடத்தைப் பாருங்கள்.

போன வாரம் தனபால் போன் செய்தார். காற்றில் டொலுவீன் அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது என்ற ஆய்வக முடிவை முன்பே அனுப்பியிருந்தேன். மோட்டார் வந்துவிட்டதாம். வெட்டும் வேலையில் இருக்கிறாராம், வேலைக்குள் விடும் கேட் பாஸைப் பிடுங்கவில்லையாம். “அவ்ளோதாங்க மேடம், வெச்சிடறேன்” என்றார். ஒரு நிமிடம்கூட இருக்காது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வீட்டில் திரும்பிப் பார்த்தேன், பம்ப் பெட்டிதான் இருந்தது. பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.