தாத்தா கப்பலிலிருந்து கொண்டுவந்த பெயர்

ஞானஸ்நானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அத்தையின் கைகள் ஞாபகம் வந்துவிடும். என் அப்பாவின் தங்கை அவள், காசிமேட்டில் மீன் விற்பவள். யார் வீட்டுக் குழந்தைக்காவது ஞானத்தாயாக நிற்கவேண்டிய நாளில் விடிந்ததுமே எலுமிச்சைத் தோலை எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிடுவாள். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரை தேய்ப்பாள். அப்புறம் சோப்பு, அப்புறம் மறுபடியும் எலுமிச்சை. கடைசியில் இரண்டு உள்ளங்கைகளையும் என் மூக்கருகே நீட்டுவாள். "மோந்து பாருடா நைனா, மீன் வாசன கீதா?" கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். "இல்ல அத்தை" என்பேன். அந்தக் கைகளில் குழந்தையை வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் எங்கள் கோயிலின் தண்ணீர்த் தொட்டியருகே அவள் நிமிர்ந்து நிற்கும்போது, அவளைவிட உயரமான ஆள் அந்தக் கோயிலில் யாருமில்லை என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் குழந்தையை எந்தப் பெண் தாங்கிப் பிடிக்கிறாளோ, அவள் பெயரையே குழந்தைக்கு ஞானப்பெயராக வைப்பார்கள். வீட்டில் ஆசைப்பட்ட பெயர் எதுவானாலும் கோயில் பதிவேட்டில் ஞானத்தாயின் பெயரும் சேர்ந்து ஏறும். அத்தை ஏழு பெண் குழந்தைகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். அந்த ஏழு பேரில் ஒருத்திக்குக்கூட அவள் பெயர் இல்லை. அத்தையின் பெயர் லுட்மிலா.

சந்தையில் அவளை ‘ரஷ்யா’ என்றுதான் கூப்பிடுவார்கள். "இன்னா ரஷ்யா, வஞ்சிரம் எப்டி?" என்று எவனாவது கேட்டால், "ரஷ்யாலேந்து இப்பதான் வந்து எறங்கிச்சி, ஐஸ்கூட கரையல. வாங்குறியா, வேடிக்க பாக்குறியா?" என்று திருப்பிக் கொடுப்பாள். வெளியில் இவ்வளவு வாய். கோயிலுக்குள் போனால் அந்தப் பெயரைப் பற்றி அவள் மூச்சு விடமாட்டாள். பதிவேட்டில் அவள் மேரி. ஏழு தடவையும் ‘ஞானத்தாய்: மேரி’ என்றே எழுதவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

காரணம் என் தாத்தா. அவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூலி. ஒருநாள் ரஷ்யக் கப்பல் ஒன்றின் அடிக்கிடங்கில் வேலை பார்க்கும்போது, சரக்குத் தூக்கும் வின்ச்சின் இரும்பு வயர் தெறித்து அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடப் போனவர்களை, கப்பலிலிருந்த பெண் டாக்டர் ஒருத்தி தடுத்து, அவரைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பதினொரு தையல் போட்டாள். வலியில் தாத்தா பல்லைக் கடித்தபோதெல்லாம் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாளாம். போகும்போது அவள் பெயரைக் கேட்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்? மறந்துவிடக்கூடாதென்று துறைமுக வாசலிலிருந்து வீடு வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். வீட்டில் அன்றுதான் அத்தை பிறந்திருந்தாள்.

அந்தக் காலத்துப் பங்குச்சாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. கடவுள் இல்லை என்கிற நாட்டுக்காரர்கள் பெயரைக் கொண்டுவந்து கோயிலில் வைப்பாயா, இது எந்தப் புனிதையின் பெயர் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, மேரி என்று எழுதிக்கொண்டாராம். "என் கைய தெச்சவ பேரு சாமி, அவ கெட்டவளா?" என்று மட்டும் தாத்தா கேட்டிருக்கிறார். பிறகு வெளியே போனவர் உள்ளே வரவேயில்லை. திருவிழா, உயிர்த்த ஞாயிறு, பெற்ற மகளின் கல்யாணம் எல்லாவற்றுக்கும் தெருவிலேயே நின்றார். சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசாமலேயே செத்தும் போனார். "எங்கப்பா கோயில வுட்டது என் பேராலதான்டா" என்று அத்தை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்பா தப்பு செய்துவிட்டார், அந்தத் தப்பைத் தன் மேல் சுமந்துகொண்டு திரிவதாக அவள் எண்ணம். அதனால்தான் அந்தப் பெயரை இன்னொரு குழந்தையின் தலையில் கட்ட அவளுக்குப் பயம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பட்டம் வாங்கி, கப்பல் ஏஜென்சி ஒன்றில் போர்டிங் கிளார்க்காக இருக்கிறேன். எண்ணூருக்கு வருகிற கப்பலில் ஏறி, மாலுமிகளின் பட்டியலையும் பாஸ்போர்ட்டுகளையும் சரிபார்த்துக் குடியேற்ற அதிகாரிகளிடம் சேர்ப்பது என் வேலை. அத்தையே ஞானத்தாயாக நிற்கவிருந்த என் மகளின் ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் முன்பு, நிலக்கரிக் கப்பல் ஒன்றில் அப்படித்தான் ஏறினேன். பட்டியலில் நான்காவது வரி, மூன்றாம் அதிகாரி, நாடு லித்துவேனியா. பெயர்: லுட்மிலா!

நான் வேலையை மறந்துவிட்டேன். அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எதிரே நின்ற அந்தப் பெண் அதிகாரியிடம், "இது எங்கள் அத்தையின் பெயர்" என்று ஆங்கிலத்தில் உளறினேன். உன் அத்தை ரஷ்யப் பெண்ணா என்று கேட்டாள். இல்லை, இங்கேதான் மீன் விற்கிறாள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கேப்டனே எட்டிப் பார்த்தார். அவள் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெயரில் புனிதை யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். ஏன் இல்லை என்று ஆச்சரியப்பட்டாள்.

தேநீர் ஆறும்வரை சொன்னாள். லுட் என்றால் மக்கள், மிலா என்றால் அன்புக்குரியவள். மக்களுக்குப் பிரியமானவள் என்று பொருள். ஸ்லாவிய மொழிகளில் பிறந்த பெயர். செக், போலந்து, ரஷ்யா, உக்ரைன் என்று பரவி, பால்டிக் கடலோரத்துக்கும் வந்து தங்கிவிட்டது. அவள் பாட்டிக்கும் இதே பெயர், அவள் படித்த வகுப்பில் மட்டும் மூன்று லுட்மிலாக்கள். இவர்களுக்கெல்லாம் மூத்தவள், ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னால் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், வாழ்ந்த ஒரு கோமகள். அந்த நாட்டில் முதன்முதலாகக் கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி, விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டு வேதசாட்சியானவள். திருநாள் செப்டம்பர் பதினாறு. தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள்: கிரீடம் வைத்த ஒரு பெண், கழுத்தைச் சுற்றி முக்காட்டுத் துணி. எனக்கும் அனுப்பிவைத்தாள்.

ரஷ்யாவில் செங்கொடி ஏறுவதற்கு ஆயிரம் வருஷம் முன்பே இருந்த புனிதை! தாத்தா கொண்டுவந்தது அவள் பெயரை! சாமியாருக்கும் தெரியவில்லை, தாத்தாவுக்கும் தெரியவில்லை, கப்பலின் மேல் பறந்த கொடியை மட்டும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்று எர்ணாவூரிலிருந்து திருவொற்றியூர் வரை வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்படி வண்டி ஓட்டினேன் என்பது அந்தப் புனிதைக்குத்தான் வெளிச்சம். ஹெல்மெட்டுக்குள் சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள், என் மனைவியோடு சேர்ந்து குழந்தையின் வெள்ளைச் சட்டைக்கு லேஸ் தைத்துக்கொண்டு. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். படத்தைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கழுத்துல இன்னாடா அது?"

"முக்காடு. அதாலயே இறுக்கிக் கொன்னுட்டாங்க."

"அடப்பாவி! எவன்?"

"ஆள அனுப்புனது அவங்க மருமவ."

அத்தை தலையைத் தூக்கி என் மனைவியைப் பார்த்தாள். தன் முந்தானையை மெதுவாக இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்போ இது நம்ம ஊரு கததான். நா இன்னிலேந்து உஷாரா இர்க்கணும்."

"உங்க கழுத்த இறுக்க ரெண்டு ஆளு பத்தாது அத்தை" என்றாள் என் மனைவி. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது அத்தையின் கண்ணிலிருந்த நீர் மட்டும் நிற்கவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ எங்கப்பா தப்பு பண்ல. இல்லடா?"

என் மனைவி ஊசியை ஓரமாக வைத்துவிட்டு, "தப்பே இல்ல அத்தை. நம்ம பொண்ணுக்கு உங்க பேருதான். மேரி வேணாம்" என்றாள். பள்ளிக்கூடத்தில் கிண்டல் பண்ணுவார்களே என்று அத்தை இழுத்தாள். "பண்ணட்டும். உங்க வாயில பாதி இதுக்கு வந்தா போதும்."

மறுநாள் பங்குத்தந்தையிடம் போனேன். இளவயதுக்காரர். தடிமனான புத்தகமொன்றை எடுத்துச் செப்டம்பர் பக்கங்களைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். "இருக்காங்க" என்றார். புத்தகத்தை மூடிவிட்டு, "அன்னிக்கு இருந்தவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்" என்றார். மூடியதையே மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம், யாரோ செய்ததற்குத் தான் வெட்கப்படுகிறவரின் முகம்.

ஞாயிற்றுக்கிழமை, தொட்டியருகே, குழந்தைக்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். நாங்கள் சொல்வதற்கு முன்பே அத்தை சொன்னாள். ஆனால் முணுமுணுப்பாகத்தான் வந்தது. அத்தனை வருஷம் அந்தக் கூரையின்கீழ் சொல்லாத பெயர் அல்லவா! ஃபாதர் தண்ணீரை ஊற்றும்போது அவரே அந்தப் பெயரைச் சொன்னார், தெளிவாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி. அத்தையின் கைகளோடு சேர்த்து நான் குழந்தைக்குக் கீழே என் கையையும் கொடுத்தேன்.

பூசை முடிந்து பதிவேட்டைத் திறந்தார்கள். குழந்தையின் பெயர், தாய், தகப்பன், வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, "ஞானத்தாய்?" என்றார் ஃபாதர்.

"லுட்மிலா" என்றாள் அத்தை. "மேரின்னு எழுதிடாத ஃபாதர்."

ஒரே வரியில் ஒரே பெயர் இரண்டு தடவை ஏறியது. எது, எது என்று அத்தை கேட்டு, நான் காட்டிய இரண்டு இடத்திலும் விரலை வைத்துப் பார்த்தாள். பதிவேட்டை மூடப் போனவரின் கையைப் பிடித்துவிட்டாள்.

"இந்தப் பேர வெச்சவரு பேரையும் எழுது ஃபாதர்."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

"கட்டம் இன்னாத்துக்கு? ஓரத்துல எம்மா எடம் சும்மா கீது பாரு."

ஃபாதர் அந்த ஓரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடி போட்ட பேனாவை மறுபடி திறந்து, "சொல்லுங்க" என்றார்.

அத்தை தாத்தாவின் பெயரைச் சொன்னாள். காசிமேட்டில் விலை சொல்லுகிற அந்தக் குரலில், கோயில் முழுக்க எதிரொலிக்கும்படி சொன்னாள். அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் திடுக்கிட்டு விழித்து, வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.